இரண்டாம் குழாய்

முதல் நாள் ரத்தம் ஆசாரிப்பள்ளத்தில்
மைனஸ் எண்பதில் தனியே நிற்கிறது.
பதினான்காம் நாளின் இணை வரவில்லை.

முப்பத்தேழாம் எண். நேசபாய். குலசேகரம்.
பனி, தலவலி என்றுதான் வந்தாள்.
ரவுண்ட்ஸில் நாலு பேர் பார்த்தும் தப்பியது.
நடுராத்திரி, பாவாடைக் கயிறு அழுந்திய மடிப்பில்
டார்ச் வெளிச்சத்தில் கண்டேன்,
நல்லமிளகு போல ஒரு கறுத்த பொருக்கு.
டாக்ஸிசைக்ளின். மூன்றாம் நாள் கஞ்சி கேட்டாள்.
வார்டுக்கு அத்தோடு முடிந்தது.

"தொடர்பு விட்டவர்னு எழுதிரு" என்றார் கைடு.
அந்தக் கட்டத்தில் ஏற்கெனவே பதினோரு பேர்.

நைட் டூட்டி முடிந்த காலை, ஐஸ் பெட்டியோடு
மூன்று பஸ் மாறிப் போனேன்.
ரப்பர் மூட்டில் சிரட்டை துடைத்துக்கொண்டிருந்தாள்.
"மாத்திரையா?"
"இல்ல. ரத்தம்."
"பனி விட்ட பொறவு என்னத்துக்கு?"

எதிர்ப்பொருள், நான்கு மடங்கு
என்று தொடங்கி நிறுத்தினேன்.
உங்களுக்கு இதில் ஒன்றும் கிடைக்காது என்றேன்.
படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் இருக்கும் வரி,
அன்று வார்டில் நான் வேகமாய் வாசித்தது.

ஒட்டுப்பால் பிசுபிசுத்த கையைத் துடைத்து நீட்டினாள்.
"ஆழமா வெட்டாதீங்க டாக்டரே,
பொறவு பாலே வராது."
அவள் சிரித்தபோது ஊசி உள்ளே போயிருந்தது.

திரும்பும் பஸ்சில் பெட்டி மடியில்.
"என்ன மீனு?" என்றார் கண்டக்டர்.
சாளை என்றேன்.

இரவு விடுதிக் குளியலறையில்
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
என் இடுப்பு மடிப்பில்
நல்லமிளகு தேடினேன்.