ஒன்று புள்ளி ஏழு

கோட்டாறு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் நாள் திருத்தல்.
மின்விசிறியில் நாலு எண் இருக்கிறது,
எதில் வைத்தாலும் ஒரே சுற்று.
தாள் பறக்காமலிருக்க ஆளுக்கொரு கருங்கல் சில்லு.
மரச்சீனியும் சாளைக் கறியும் தின்ற கை
ரெண்டுதரம் சோப்புப் போட்டும் மணக்கிறது.
ஏதோ ஒரு மாவட்டத்துப் பிள்ளையின் தாளில்
எங்கள் கடல் கொஞ்சம் ஒட்டியிருக்கும்.

கேள்வி இருபத்தெட்டு:
கீழ்க்கண்ட மூலக்கூறுகளில் உள்ள
பிணைப்பின் வகையைக் கண்டறிக.
நாலு பெயர். ஒன்றுக்கு அரை மதிப்பெண்.

சோடியம் குளோரைடு, அயனிப் பிணைப்பு.
இதில் யாரும் தவறவில்லை.
நீர், சகப்பிணைப்பு.
சில பேர் ஹைட்ரஜன் பிணைப்பு என்கிறார்கள்.
அது ஒரு நீருக்கும் அடுத்த நீருக்கும் நடுவில் உள்ளதாக்கும்.
வீட்டுக்குள்ளே யார் என்று கேட்டால்
மதில்மேல் பேசுகிறவர்களைக் காட்டுகிறார்கள்.
அரை போயிற்று.
அம்மோனியம் குளோரைடில் மூன்றும் உண்டு,
அயனி, சக, ஈதல் சக.
மூன்றையும் எழுதியவள் இதுவரை ஒருத்திதான்.

நாலாவது, ஹைட்ரஜன் புளூரைடு.

அருமனையில் இருபத்திரண்டு வருடமாக
நான் சொல்லிக்கொடுப்பது இவ்வளவுதான்:
கவர்தன்மை ரெண்டையும் கழி, மக்களே.
ஒன்று புள்ளி ஏழுக்கு மேலே வந்தால் அயனி,
கீழே வந்தால் சக.
சகப்பிணைப்புக்கு ஜன்னல் வழியே கை நீட்டுவேன்,
கொடியில் காயும் ரப்பர் ஷீட்டைக் காட்டி.
அதோடு மணி அடித்துவிடும்.

நாலில் ரெண்டு புள்ளி ஒன்றைக் கழித்தால்
ஒன்று புள்ளி ஒன்பது.
விதிப்படி அயனி.
விடைக்குறிப்பில் சகப்பிணைப்பு.
குறிப்புதான் சரி, எனக்குத் தெரியும்.
காலையிலிருந்து ஒன்பது பேரை வெட்டியிருக்கிறேன்,
என் விதியை அப்படியே நம்பின ஒன்பது பேரை.

பிணைப்பைக் காதலோடு சேர்த்துப் பேசுகிற
ஆண்டுவிழாப் பேச்சு எனக்கு ஆகாது.
குளோரினுக்கு ஆசை இல்லை.
சோடியம் தியாகி இல்லை.
ஆற்றல் குறைகிற பக்கம் சாய்கின்றன,
அவ்வளவே.

பிறகு இந்தத் தாள் வந்தது.
பெயர் இல்லை, பட்டைக்கோடு மட்டும்.
கேள்வியில் மூலக்கூறுகள் என்பதை அடித்துவிட்டு
சேர்மங்கள் என்று திருத்தியிருக்கிறது, பென்சிலால்,
உப்பு மூலக்கூறு அன்று, படிகம் என்ற குறிப்போடு.
கீழே:
'ஹைட்ரஜன் புளூரைடு வேறுபாடு 1.9.
விதி அயனி என்கிறது.
ஆனால் இது இருபது டிகிரியில் கொதித்துவிடும்.
எங்கள் வீட்டுக்குப் பின்னால் உப்பளம்.
கல்லுப்பை அடுப்பில் போட்டால் வெடிக்கும், உருகாது.
ஆகவே விதியை இங்கே நம்ப முடியவில்லை.
சகப்பிணைப்பு.'

எங்கள் மாவட்டத் தாள் எங்களுக்கு வராது.
புத்தளத்துப் பிள்ளையாக இருக்க வழியில்லை.
வேதாரண்யமோ, தூத்துக்குடியோ.
உப்பு வெடிக்கிற சத்தம் எந்த ஊரிலும் ஒன்றுதான்.

விர்ஜின் ரோஸ் டீச்சரிடம் காட்டினேன்.
பச்சை மைப் பேனா அவருடையது.
வாசித்தார், சிரித்தார்,
'அரைக்கு மேலே போட வழியில்லையே டீச்சர்' என்றார்.
'கேள்வித்தாளைத் திருத்தினதுக்குக் கூட்டவும் வேண்டாம்,
குறைக்கவும் வேண்டாம்.'

'கணக்குப் போட்டு அயனி என்று எழுதினவர்களுக்கு?'

'குறிப்பில் உண்டா?'

இல்லை.

அரை போட்டேன்.
சிவப்புக் குறி வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீண்டுவிட்டது,
ஓரக் கோட்டைத் தாண்டி.
காலைக் கட்டு நூல் சுற்றி, அரக்கு வைத்து
அடுத்த அறைக்குப் போய்விட்டது.
ஒன்பதும் அதற்குள்ளே.

சாயா வந்தது, ஆறியது.
ஜூனில் பலகையில் முதலில் இதை எழுதவேண்டும்,
விதிக்கு முன்னால்,
மணி அடித்தால் அடிக்கட்டும் என்று
கை ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.

அடுத்த தாள்.
மணி மணியான கையெழுத்து,
அளவுகோல் வைத்து அடிக்கோடு.
4.0 − 2.1 = 1.9.
1.9 > 1.7.
எனவே அயனிப் பிணைப்பு.

பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.