எர்த்

வக்கீல் இருதயராஜின் காருக்கு இரண்டே சீட்டு,
கூரை கிடையாது,
அறுபத்து நாலில் கப்பலேறி வந்ததாம்.
சொந்த என்ஜின் மூன்றாவது பிஸ்டனில் செத்தபின்
ஜிப்ஸி என்ஜின் ஒன்றை அதற்குள் இறக்கினோம்,
கதிரறுக்கும் மெஷின் பார்க்கிற பட்டறையில்.

பிறகு ஒன்பது நாள்.

காலையில் நல்ல பிள்ளையாய்க் கிளம்பும்.
நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்றதும்
ஃபேன் சுழலும்,
இருமும்,
அணையும்.
பின்னால் நெல் லாரிகள் ஆரன் அடிக்க
நானும் ஜெகபரும் தள்ளுவோம்.
வக்கீல் கறுப்புக் கோட்டோடு ஸ்டியரிங் பிடித்திருப்பார்,
வாய்தா வாங்கிய முகம்.

பெட்ரோல்தான் என்று பம்ப்பை மாற்றினேன்.
சூடுதான் என்று கார்புரேட்டருக்கடியில்
தகரம் வைத்தான் ஜெகபர்.
காயில் புதுசு. பிளக் நாலும் புதுசு.
விளக்கைப் போட்டால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது,
அணைத்தால் இறங்குகிறது.
விளக்குக்கும் ரேடியேட்டர் தண்ணீருக்கும்
என்னய்யா உறவு?
டிராக்டர் பெல்ட் வாங்க வந்தவர்
காத்து கருப்பு என்றார்.
வக்கீல் சிரிக்கவில்லை.

ஒன்பதாம் நாள் சாயங்காலம்
ஸ்டார்ட்டர் முனக முனக
விடாமல் சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.
சோக்கை இழுக்கப் போன கை
வெடுக்கென்று திரும்பி வந்தது.
சுட்டது குமிழ்.

ஒரு காரில் சுடவே கூடாத இடம் அது.

கீழே படுத்துப் பார்த்தேன்.
என்ஜின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது.
கியர்பாக்ஸும் ரப்பர் மேல்.
பாடியை எங்கேயும் இரும்பு தொடவில்லை.
திரும்பிப் போக வழியில்லாத கரண்ட்
மதகு அடைபட்ட வாய்க்கால்
நண்டு வளையைக் கண்டதுபோல
அத்தனையும் சோக் கம்பிக்குள் முண்டியிருக்கிறது.
கம்பியின் உறை உருகி
விரலில் ஒட்டியது.

எர்த் இல்லடா, என்றேன்.
ஜெகபர் வாசலுக்கு வெளியே பார்த்தான்.
நடவுக்கு உழுது போட்ட சேறு
பாமணியாறு வரைக்கும் கிடந்தது.
"இந்த ஊர்லயா?"

மூலையில் சாக்கின் மேல் பழைய என்ஜின்.
அதன் இடுப்பில் செப்புப் பின்னல் பட்டை,
ஒரு முனை போல்ட்டில்,
மறுமுனை காற்றில்.
பாடியிலிருந்து அதைக் கழற்றியது
பன்னிரண்டாம் நம்பர் ஸ்பானர்.
ஸ்பானரைப் பிடித்திருந்தது நான்.

பெயிண்டைச் சுரண்டி,
அதே பட்டையை இறுக்கினோம்.

கேட்டில் இருபத்து மூன்று நிமிடம் நின்றோம்.
ஃபேன் சுழன்றது, நின்றது, சுழன்றது.
நாலு முறை விளக்கைப் போட்டுப் பார்த்தேன்,
முள் அசையவில்லை.
ஆயில் மட்டும் எங்கோ சொட்டியது,
அது வேறு வழக்கு.

"அப்படி என்னதாங்க கோளாறு?" என்றார் வக்கீல்.
ஜெகபர் என்னைப் பார்த்தான்.

ரயில் வந்தது.
நல்லவேளை,
நீளமான ரயில்.