தாமதச் சீட்டு

பன்னிரண்டாம் வகுப்பில் நாங்கள் ஆறு பேர்.
கைப்பந்து அணியும் அதே ஆறு பேர்.
ஒருத்திக்குச் சளி பிடித்தால்
பள்ளிக்கூடத்துக்கே காய்ச்சல்.
மிஸ் ஓல்சன் வருகைப் பதிவேட்டைத் திறப்பதில்லை,
தலையைத் தூக்கிப் பார்ப்பார், போதும்.

ஜூன் மாதம் முதல் வெள்ளி
கடைசி வகுப்பு டிராக்டரில் வரவேண்டும்.
யார் போட்ட சட்டம், யாருக்கும் தெரியாது.
நடைவழிச் சுவரில் 1961ஆம் வருடப் படத்தில்
இருபத்து மூன்று முகங்கள்,
பின்னால் ஆளுயரச் சக்கரம் ஒன்று.
பக்கத்திலேயே எங்களுக்கும் ஆணி அடித்தாயிற்று.
ஆறு பேருக்கு அது கொஞ்சம் பெரிய சட்டம்.
அடுத்த வருடம் இரண்டே பேர்;
ஒருவர் ஓட்டினால் இன்னொருவர் கைதட்டலாம்.

டெய்லன் ஹ்ரிட்சுக் வீட்டில் பச்சை, எட்டுச் சக்கரம்,
ஏறுவதற்கே ஏணி.
மார்லி ஃப்ரீசனுக்குச் சிவப்பு.
லாஷான்ஸ் இரட்டையருக்கு ஒன்றுதான்,
யார் ஓட்டுவது என்று ஏப்ரலிலிருந்து சண்டை.
கெய்டன் மொக்காசின் மாமாவிடம் கேட்டு வாங்கிவிட்டான்,
வைக்கோல் கட்டு தூக்கும் முள்ளோடு.

எங்களிடம் இருப்பது
நெடுஞ்சாலை ஓரம் பதினான்கு அறை, பதினான்கு சாவி,
எண்ணெய்க் குழாய் பதிக்க வந்தவர்கள்
விட்டுப்போன ஒற்றைச் சாக்ஸுகள்,
மோட்டல் முன்னால் புல்வெட்ட
உட்கார்ந்து ஓட்டும் ஒரு மெஷின்.

நாளைக்கு எனக்கு வயிற்றுவலி என்றேன்.
தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டே அம்மா,
"வயிற்றுவலிக்கு நாள் குறித்து
இப்போதுதான் பார்க்கிறேன்."
அப்பா ஒன்றும் சொல்லவில்லை.
காலையில் பார்த்தால் மெஷின் வாசலில்,
பெட்ரோல் நிறைத்து,
பிளேடு கழற்றி,
கம்பில் ஆரஞ்சுத் துணி ஒன்று கட்டி.

ஐந்து கிலோமீட்டர் சரளைச் சாலை.
மணிக்கு எட்டு அதன் உச்சம்,
எதிர்க்காற்று என்றால் ஏழு.
இரண்டு பக்கமும் இப்போதுதான் முளைத்த கனோலா,
ஒளிந்துகொள்ள ஒரு மரம் கிடையாது.
சஸ்காட்சுவானில் அவமானத்தைக்கூட
மூன்று மைல் தூரத்திலேயே பார்த்துவிடலாம்.

முதலில் சத்தம் வந்தது.
அப்புறம் என்னைத் தாண்டி ஒரு நிழல்.
பச்சை. அதன் பின்னால் சிவப்பு.
ஓரமாக ஒதுங்கிக் கையசைத்தேன், போ, போ.
போகவில்லை.
கண்ணாடிக் கூண்டுக்குள் டெய்லன்
காப்பி குடித்துக்கொண்டிருந்தான்,
ஞாயிற்றுக்கிழமை மாதிரி.

ஐந்நூறு குதிரைகள்
என் இருபதுக்குப் பின்னால் முனகிக்கொண்டு.
நாலு பிள்ளையாரும் ஒரு மூஞ்சூறும்.
எல்லாவற்றுக்கும் கடைசியில்
பள்ளிக்கூட பஸ் வந்து மாட்டிக்கொண்டது,
ஜன்னல் முழுக்கச் சின்னக் கைகள்.

ரயில் தண்டவாளம் தாண்டும்போது
பெல்ட் நழுவி மெஷின் நின்றது.
"முள்ளில் தூக்கிக்கொள்ளலாமே!"
மார்லி மேலிருந்து கத்தினாள். முறைத்தேன்.
கெய்டன் இறங்கி வந்தான்,
குனிந்தான், பெல்ட்டைப் போட்டான்,
விரலை ஜீன்ஸில் துடைத்துக்கொண்டு
பேசாமல் திரும்பிப் போனான்.

நாற்பது நிமிடம் தாமதம்.
அலுவலகத்தில் மிஸஸ் கோவல் நீலச் சீட்டை எடுத்தார்,
அவருக்கு விதி என்றால் விதி.
ஆறு பெயர்.
காரணம் என்ற கோட்டுக்கு வந்ததும்
பேனா நின்றது.
ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்,
கார் நிறுத்துமிடத்தில்
நாலு மலை, ஒரு கூழாங்கல்.
புல் என்று எழுதினார்.
ஆறு சீட்டிலும் அதையே.

படத்தில் நான் ஓரமாக இருக்கிறேன்.
ஆரஞ்சுத் துணி பறந்து
முகத்தில் பாதியை மறைத்துவிட்டது.
இன்னொன்று எடுக்கலாமா என்றார் மிஸ் ஓல்சன்.
அதற்குள் மணி அடித்துவிட்டது,
கணக்குப் பரீட்சை.