நான்கு பாயின்ட்

செக்காலை ரோட்டில் எங்கள் அச்சகம் இருக்கிற முக்கில்
செக்கு கிடையாது.
சுற்றுகிறதெல்லாம் ஆப்செட் உருளையும்
டீக்கடைச் சர்க்கரை டப்பாமேல் ஈயும்தான்.
பெயர் அப்படி.
பெயர்மேல் யாரும் கேஸ் போட்டதில்லை.

சீப்புச் சீடைப் பாக்கெட்டுக்கு உறை செய்தது நான்.
'மரச்செக்குக் கடலை எண்ணெயில் மட்டுமே' என்பதில்
அந்த மட்டுமேக்கு எழுபத்திரண்டு பாயின்ட்,
பொன் நிறம், கீழே நிழல்.
பக்கத்தில் ஒரு செக்கு, ஒரு மாடு, பின்னால் தேக்குக் கதவு.
மாடு நெட்டில் கிடைத்த வடநாட்டு மாடு.
கதவு பள்ளத்தூரில் நான் எடுத்த போட்டோ.
பூட்டை மட்டும் அழித்தேன்.

சேர்மானம் தனித்தாளில் வந்தது:
அரிசி மாவு, உளுந்து மாவு, பாமாயில்,
கடலை எண்ணெய் இரண்டு சதம்.
எட்டு பாயின்ட்டில் வைத்து அனுப்பினேன்.
ஏழுவீதி ஸ்நாக்ஸிலிருந்து போன்:
"தம்பி, அது ஏன் இவ்வளவு சத்தமாப் பேசுது?"
ஆறு.
"இன்னும்."
ஐந்து.
கடைசியில் நான்கு, வெல்ல நிறத்தின்மேல் பழுப்பு மசி,
அதுவும் ஒட்டு விழுகிற மடிப்புக்குள்ளே.
"இப்பச் சரி."
எனக்கும் சரியென்றுதான் பட்டது.
மடிப்புக்குள் மயிரிழை பிசகாமல் உட்கார்ந்ததே என்று
கொஞ்சம் பெருமைகூட.

உமையாள் தேவகோட்டையில் மருந்துக்கடையில் நிற்பவள்.
மாத்திரை அட்டையின் முதுகை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்து
காலாவதித் தேதி பார்த்தே
பதினோரு வருஷம் பழகிய கண்.
சீடை தீர்ந்ததும்
கை சும்மா இருக்காமல் உறையைப் பிரித்து விரித்திருக்கிறாள்.

முப்பத்தைந்து ரூபாய்ப் பாக்கெட்.
சிவகங்கைக்குப் போய்வரும் செலவு அதற்குமேல்.
"உனக்கு முப்பத்தைஞ்சு. ஊருக்கு?" என்று
வக்கீல் சாத்தப்பன் கேஸ்கட்டின் முதுகில் பெருக்கிப் பார்க்க
பூஜ்யங்கள் விளிம்பைத் தாண்டிப் போயினவாம்.
ஒரே குறைக்காரர் எல்லோருக்குமாக
ஒருத்தி வழக்காடலாம் என்று ஆணையம் அனுமதித்தது.
எதிர்த்தரப்பு சொன்னது:
நாங்கள் மறைக்கவில்லை, எழுதியிருக்கிறோம்.
செக்கு என்பது பொருளல்ல, ஓர் உணர்வு.

உணர்வைப் பொரிக்க எத்தனை லிட்டர் பாமாயில் என்று
யாரும் கேட்டார்களா, தெரியாது.

ஊரெங்கும் ஒட்ட நோட்டீஸ் அடிக்க
அவள் ஏறி வந்தது எங்கள் கடைக்கு.
உறை எங்கே பிறந்தது என்று அவளுக்குத் தெரியாது.
தட்டிக்கொண்டே போனேன்.
'மேற்படி பாக்கெட்டை விலை கொடுத்து வாங்கிய அனைவரும்'
என்ற இடத்தில் விரல் நின்றது.
என் மகள் டிபன் பாக்ஸில் தினம் ஐந்து சீடை.
எண்ணிப் போடுவது நான்.
வாங்கியதும் நான், மடித்ததும் நான்.
இந்த அனைவரில் எந்தப் பக்கத்து நாற்காலி எனக்கு?

கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டர் இருக்கிறது.
சீடை பைனல், சீடை பைனல் ரெண்டு,
சீடை சத்தியமா பைனல்.
ஒவ்வொன்றுக்கும் தேதி, மணி, நிமிஷம்.
ஒரு வாக்கியம் எப்படி இளைத்தது என்பதற்கு
எக்ஸ்ரே மாதிரி.

மாதம் ஐம்பதாயிரம் உறை ஆர்டர் அவர்களுடையது.
முதலாளி உள்ளறையில் மதியத் தூக்கத்தில்.

"பேர்களையும் கீழே போட்டுருங்க,
இருநூத்திப் பதினாலு" என்றாள்.
போட்டேன்.
திரையில் எண்ணி வந்தவள் நிமிர்ந்தாள்.
"ஒண்ணு கூடுதலா இருக்கே, இது யாரு?"

நான் டிராயரில் பென் டிரைவைத் தேடிக்கொண்டிருந்தேன்.
ரப்பர் பேண்டு, செத்த பேட்டரி, பழைய கல்யாணப் பத்திரிகை.
"எழுத்து என்ன அளவுல வைக்க?" என்று கேட்டேன்.
"பஸ்ஸுல போறவன் படிக்கணும்."

உள்ளே நாற்காலி கிரீச்சிட்டது.