ஐந்தாவது ஸ்குரூ

எஸ்.பி. ரோட்டில் மூன்றாவது கடை.
"ஒரே வயர் மேடம், கரண்டும் அதுலயே"
என்கிறார் நேமிசந்த்.
சாப்பாட்டுத் தட்டு போல மெலிசு.
கவிழ்த்துப் பார்த்தேன்:
ஒரு ஸ்குரூ இல்லை, சுற்றிலும் பசை.
பசையைத் திறப்பது என்றால் உடைப்பது.
போன ஜூலையில் ஒரு ராத்திரி முழுக்க,
வெண்ணெய்க் கத்தியோடு, கற்றேன்.

பையிலிருந்த ஜகரண்டா நெற்றைக்
கண்ணாடிமேல் வைத்தேன்.
தொட்ட இடம் துல்லியம்,
மீதியெல்லாம் மூட்டம்.
"நெத்தா? ஆதார் கார்டு வைங்க மேடம்."

மாடியில் முனாவர். ஈயம் உருகும் வாசம்.
பன்னிரண்டு வருஷத்துப் பழசு,
அம்மிக்கல் கனம்.
நாலு ஸ்குரூ,
ரப்பர் காலுக்கடியில் ஒளிந்து ஐந்தாவது.
கண்ணாடியைத் தூக்கிக் காட்டினார்:
பெல்ட், மோட்டார், விளக்கு.
விளக்கு போனால் நானூறு ரூபாய்.
"டிரைவர்?"
"கம்பெனி கைவிட்டுடுச்சு. லினக்ஸ் விடல."

நெற்றை வைத்ததும் மூடி மூடவில்லை.
வெளிச்சம் முனகிக்கொண்டே நகர்ந்தது.
திரையில் வளைவு, நரம்பு,
பிளந்த வாயோரம்
ஒரு விதையின் சிறகு,
கண்ணாடிக்கு உள்ளே
யாருடையதோ ஒரு தலைமுடி.

ஆட்டோவில், மடியில் அதன் கனம்.
டவுன்ஹால் தாண்டித்தான் தடவிப் பார்த்தேன்,
ஐந்தாவதை முனாவர் மாட்டவே இல்லை.

இருக்கட்டும்.
எந்தக் காலுக்கடியில் என்று
எனக்குத் தெரியும்.