க்வாய்க் கரையில் மூன்று இரவு

பிரான்சிஸ்டவுன் வங்கிக் கிளையில்
கடன் பிரிவு, நாங்கள் நால்வர்.
யாருக்கும் எதையும் லேசில் கொடுத்துப் பழக்கமில்லை.
மொதீரி புது பூட்ஸ் போட்டிருந்தான்,
அடியில் விலைச்சீட்டு அப்படியே இருந்தது.
தான் குறட்டை விடுவதில்லை என்று
செனோலோ புறப்படும் முன்பே மூன்று தடவை சொன்னாள்.
அப்போதே எனக்குச் சந்தேகம்.

கூடாரம் நிமிர்வதற்குள் முதல் விருந்தாளி.
மஞ்சள் மூக்கு இருவாய்ச்சி ஒன்று
வண்டியின் பக்கக் கண்ணாடிக்குள் இருந்த இருவாய்ச்சியோடு
மத்தியானம் முழுக்க மல்லுக்கு நின்றது.
கொராட்டா கண்ணாடிக்குக் காலுறை மாட்டினாள்.
அது மறுபக்கம் பறந்துபோய்
அங்கேயும் அதே எதிரியைக் கண்டுபிடித்தது.
"நம் வாடிக்கையாளர்தான்" என்றான் மொதீரி,
"ஒரு கவுண்டரை மூடினால் அடுத்தது."

பிறகு குரங்குகள் வந்தன.
அதைப் பற்றிப் பேச வேண்டாம்.
சுட்ட ரொட்டி பன்னிரண்டு, தின்றது இரண்டு,
மீதிக் கணக்கு மரத்தின் மேல்.

இரவு ஆற்றில் ஒரு நீர்யானை
ஹூம், ஹூம், ஹூம் என்று
விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவரைப் போலக் கனைத்தது.
செனோலோவின் கூடாரத்திலிருந்து பதில் போனது.
அது நிறுத்தியது. யோசித்தது.
மறுபடி கேட்டது. மறுபடி பதில்.
விடியும்வரை பேச்சுவார்த்தை.
காலையில் சேற்றில் தடம் பார்த்தோம்:
பாதி தூரம் வந்து
மனம் மாறித் திரும்பியிருக்கிறது.
"யாரைப் பார்க்க வந்ததாம்?" என்றாள் செனோலோ,
நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு.

இரண்டாம் இரவு எனக்கு ஒன்றுக்கு வந்தது.
ஜிப்பை இரண்டு விரல் அளவு இறக்கினேன்.
நிலா இருக்க வேண்டிய இடத்தில்
சுவர் இருந்தது.
சுவர் மூச்சு விட்டது.
முள்மரத்தை உலுக்கி உலுக்கி
விழுந்த காய்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி
வறுகடலை தின்பவர் போல நிதானமாகத் தின்றது.
அதன் வயிற்று உறுமல் என் படுக்கைக்கு அடியில் ஓடியது.
இரண்டு மணி நேரம்!
கால்மேல் கால் பின்னிக்கொண்டு
பதினேழாம் வாய்ப்பாட்டை
முன்னும் பின்னுமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.
போகும்போது, ஒரு கயிற்றையும் மிதிக்காமல்,
இப்போதுதான் துடைத்த தரையில் நடக்கும் ஆள் மாதிரி
காலைத் தூக்கித் தூக்கி வைத்துப் போனது.
எனக்கு அழுகை வந்தது.
மற்றதும் வந்தது,
நல்லவேளை, வெளியே ஓடிய பிறகு.

கழுதைப்புலியை நாங்கள் பார்க்கவே இல்லை.
பெயரில் கழுதை, பெயரில் புலி,
செய்ததோ திருட்டுப் பூனை வேலை.
காற்றாடட்டும் என்று வாசலில் வைத்த பூட்ஸில்
இடது கால் போய்விட்டது.
வலதை முகர்ந்து பார்த்து, வேண்டாமென்று
நாலடி தள்ளிப் போட்டுவிட்டுப் போயிருந்தது.
மொதீரிக்கு அதுதான் தாங்க முடியாத அவமானம்.

வாயிற்சாவடியில் பதிவேடு நீட்டினார் அதிகாரி சேஆபே அம்மா.
பார்த்த விலங்குகள் என்ற கட்டத்தில்
கொராட்டா எழுதினாள்:
கழுதைப்புலி. நாங்கள் பார்க்கவில்லை, அது பார்த்தது.
அம்மா மொதீரியின் காலை எட்டிப் பார்த்தார்,
ஒன்றும் கேட்காமல் சாவியை எடுத்தார்.
கொட்டகைக்குள் ஒரு பெட்டி,
பெட்டி நிறைய ஒற்றைச் செருப்புகள்,
கடிபட்டவை, கடிபடாதவை, ஒரு குழந்தைச் சப்பாத்து.
"எல்லாம் புதரில் பொறுக்கியது. எந்தக் கால்?"
அவன் அளவுக்குப் பொருந்தியது ஒன்றுதான்:
சிவப்பு, பளபளப்பு,
கணுக்காலில் பூ வைத்த வார்.

திங்கட்கிழமை அதையே மாட்டிக்கொண்டு வந்தான்,
பந்தயம் தோற்றதற்காக.
முதலில் வந்தவர் டிராக்டர் கடனுக்கு.
உட்கார்ந்தார், மேசைக்கு அடியில் பார்த்தார்,
அவன் முகத்தைப் பார்த்தார்,
படிவத்தை நாலாக மடித்துச்
சட்டைப் பையில் வைத்துக்கொண்டு
"நீங்களே கஷ்டத்தில் இருக்கிறீர்கள்" என்று
எழுந்து போய்விட்டார்.