நான்கு விநாடி

அவாலியிலிருந்து வந்திருந்தாள்
பிரிச்சர்டின் மனைவி.
"மெஷின் தின்றுவிட்டது" என்று
கேசட்டை மேசைமேல் வைத்தாள்.
எண்பத்தேழு டிசம்பர். மனாமா சந்து.
ஏசி சொட்டுகிற தண்ணீருக்கு
பெயிண்ட் டப்பா வைத்திருந்தோம்.

கடையடைத்தபின் ஓட்டிப் பார்த்தேன்.
லண்டனில் ஏதோ ஒரு வீடு, கிறிஸ்துமஸ் விருந்து.
காகிதக் கிரீடம் வைத்த குண்டு மனிதன்
வான்கோழியைத் தூக்கிக்கொண்டு வருகிறான்.
மாமியார் கதவைத் திறக்கிறாள்.
வெளியே பனி.
நாடகத்துப் பனியா, நாடாவின் கோளாறா?
ஹெட்டைத் துடைத்தேன்.
பாதிப் பனி நின்றது.

அவன் வாய் திறக்கும் இடத்தில்
நாடா கசங்கிக் கிடந்தது.
வெட்டி ஒட்டினேன். நான்கு விநாடி போயிற்று.
இப்போது கதவு திறக்கிறது, உடனே
ஊரே கூடிச் சிரிக்கிறது.
சிரிப்பு இருக்கிறது, சொன்னது இல்லை.
இங்கே வந்த நாள்முதல்
எனக்கு இங்கிலீஷே அப்படித்தான்.

மறுநாள் சொல்லிவிட்டேன், காசு வேண்டாமென்றும்.
கடை டிவியில் அந்த இடத்தைப் பார்த்தாள்.
இன்னொருமுறை ஓட்டச் சொன்னாள்.
"இந்த வரியை நான் கேட்டதே இல்லை.
வருமுன்பே டெரன்ஸ் சிரித்துவிடுவார்.
சோபா குலுங்கும்."

டெரன்ஸ் எங்கே என்று நான் கேட்கவில்லை.
ஒன்றரை தினார் வைத்துவிட்டுப் போனாள்.

வெட்டிய துண்டு ஸ்க்ரூ டப்பாவில் இருக்கிறது,
அரைச் சாணுக்குக் கொஞ்சம் கூட.
டியூப்லைட்டில் பிடித்துப் பார்த்தேன்.
சினிமா ஃபிலிம் மாதிரி இல்லை இது;
ஒன்றும் தெரியாது.
காதருகே வைத்தும் பார்த்தேன்,
யாரும் இல்லாத நேரத்தில்.